வால்வு சாவியும் என் பெருங்குடலும்

எனக்கு நான்கு டாக்டர்கள். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பார்த்தால் கைகலப்பாகிவிடும் என்று நினைக்கிறேன். சர்க்கரை டாக்டர் கீரையும் தோலோடு கொய்யாவும் சாப்பிடச் சொல்கிறார். அதில் ஒரு துண்டு உள்ளே போனாலும் தொலைந்தேன் என்கிறார் வயிற்று டாக்டர். இதய டாக்டருக்கு உப்பைக் கண்டால் ஆகாது. வயிறு கெட்ட நாட்களில் உப்புப் போட்ட மோர் குடிக்கும்படி வயிற்று டாக்டர் எழுதித் தருகிறார். முட்டி டாக்டர் மெதுவாக நடக்கச் சொல்கிறார், மாடிப்படியே கூடாது என்கிறார். வயிறோ என்னை ஓடச் சொல்கிறது. நால்வர் சொல்லையும் மீறாத உணவு எது என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குழைந்த சாதம் மிஞ்சியது. அதற்கும் சர்க்கரை டாக்டரின் ஆட்சேபம் இருப்பது நினைவு வந்தது. கடைசியில் வெந்நீர் தேறியது.

கணக்குப் போடுவது என் தொழில். பொதுத்துறை எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் முப்பத்தோரு வருடம் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன். எண்ணாமல் ஒரு பெட்டியைக்கூட வெளியே அனுப்பியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு எண்ணப் பெட்டி இல்லை. அதனால் மாத்திரைகளை எண்ணுகிறேன் (நாளைக்குப் பதினொன்று), படிகளை எண்ணுகிறேன், காலை நடையில் எரியாத தெருவிளக்குகளை எண்ணுகிறேன்.

என் நோய்களில் மூன்றை வெளியே சொல்லலாம். இந்த ஊரில் இரண்டு பெரியவர்கள் சந்தித்தால் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதற்கு முன் வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுக்கொள்கிறார்கள். ரத்த அழுத்தம் பொறுப்பான பதவியில் இருந்தவனுக்கு வருவது. முட்டிவலி உழைத்தவனுக்கு வருவது. பெருங்குடல் புண் எப்படிப்பட்டவனுக்கு வரும் என்று உலகம் இன்னும் முடிவு செய்யவில்லை. எனக்கு அது பதினான்கு வருடமாக இருக்கிறது. சில மாதங்கள் பூனை மாதிரி சுருண்டு படுத்திருக்கும். ஒருநாள் சோம்பல் முறித்து எழுந்துகொள்ளும். எழுந்தால் நாளைக்கு எட்டு, ஒன்பது தடவை. ரத்தமும் போகும். கோயிலுக்குப் போனாலும் கழிவறை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் சாமி பக்கம் திரும்புவேன்.

இது என் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே சொல்லக் கூடாது என்று இருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன்.

செகந்திராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் அடுக்ககத்தில் ஐந்து மாடி, மாடிக்கு மூன்று வீடு. எங்களுடையது முதல் மாடி. குடிவந்த புதிதில் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பாதியில் எழுந்து ஓட வேண்டிவந்தது. திரும்பி வந்ததும் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"என்ன ஆச்சு சார்?" என்றார் ஒருவர்.

"பி.பி." என்றேன்.

அந்தச் சொல் எனக்கு இவ்வளவு செய்யும் என்று அப்போது தெரியாது. அடுத்த கூட்டத்திலும் எழுந்து போனேன், பி.பி. அதற்கடுத்ததிலும் பி.பி. மறு வருடம் என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். நான் எதைச் சொன்னாலும் மறுபேச்சு வரவில்லை. என் வாதத்தின் வலிமை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். மனைவிதான் அந்த எண்ணத்தைக் கெடுத்தாள்.

"உங்களை எதிர்த்துப் பேசினா பொத்துனு விழுந்துடுவீங்கன்னு பயப்படறாங்க. கைக்கு வம்புன்னு கைதட்டிட்டுப் போறாங்க."

அவள் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்'. நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். கல்யாணமான முதல் மாதம், பரிமாறும்போதெல்லாம் "நக்கோவா?" என்று கேட்பாள். அது ஏதோ பலகாரம் என்று நினைத்து இரண்டு தடவை "கொஞ்சம் போடு" என்று சொல்லியிருக்கிறேன்.

போன கோடையில் எங்கள் ஆழ்துளைக் கிணறு வற்றியது. லாரித் தண்ணீர் வாங்கி மேல்தொட்டியில் ஏற்றினோம். ஏற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. செயலாளர் என்ற முறையில் நான் திட்டம் தீட்டினேன். காலை ஆறு முதல் எட்டு, மாலை ஆறு முதல் ஏழு. மற்ற நேரம் மொட்டைமாடியில் வால்வு மூடியிருக்கும். வால்வைச் சுற்றி இரும்புக்கூண்டு, அதற்கு ஒரு பூட்டு.

சாவி செயலாளரிடமே இருக்கட்டும் என்றார்கள். நான் கையைத் தூக்கி மறுத்தேன். கையில் சாவி இருந்தால் எனக்கே சபலம் வரலாம் என்றேன். இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மாளிடம் இருக்கட்டும் என்றேன். தெலுங்குக்காரர், நேரம் தவறாதவர், யாருக்கும் வளையாதவர். "செயலாளரே வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது" என்றும் நானே சேர்த்தேன். பெரிய கைதட்டல். அன்று இரவு மனைவியிடம் இதைச் சொன்னபோது, "ரொம்ப நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வயிற்று டாக்டர் என்னைப் பிடித்தார். இத்தனை வருடப் புண் வேறொன்றாக மாறக்கூடும், அவ்வப்போது குழாய் விட்டு உள்ளே பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். நான் இரண்டு தடவை தள்ளிப்போட்டிருந்தேன். ஒருமுறை முட்டிவலி, ஒருமுறை ஆடி மாதம். இந்தத் தடவை ஸ்கேன் படத்தை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்து, "இந்த இடத்தில் ஏதோ தடித்த மாதிரி தெரிகிறது. உள்ளே போய்ப் பார்த்தால்தான் சொல்ல முடியும்" என்றார்.

ஏதோ. அதை எப்படி எண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு பத்து நாள் அவள் என்னுடன் ஒரு சண்டையும் போடவில்லை. குழம்பில் உப்பில்லை என்றேன், பேசாமல் உப்பு ஜாடியை நகர்த்தினாள். அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

பரிசோதனைக்கு முன் குடலைக் காலி செய்ய வேண்டும். அதற்கு ஒரு மருந்துப் பொடி. தண்ணீரில் கலக்கி, பகல் இரண்டு மணிக்கு ஒரு பங்கு, இரவு எட்டு மணிக்கு ஒரு பங்கு. மறுநாள் காலை ஆஸ்பத்திரி. ரத்தம் உறையாமல் இருக்க நான் போட்டுக்கொள்ளும் மாத்திரையை நிறுத்தலாமா என்று வயிற்று டாக்டரைக் கேட்டேன். இதய டாக்டரைக் கேளுங்கள் என்றார். இதய டாக்டரைக் கேட்டேன். வயிற்று டாக்டர் என்ன சொல்கிறார் என்றார். இருவருக்கும் நடுவில் நான் தபால்காரனாக நான்கு நாள் நடந்த பிறகு நிறுத்தச் சொன்னார்கள். சர்க்கரை டாக்டர்தான் மகராசன். மாத்திரையைப் பாதியாக்கிவிட்டு, மயக்கம் வருவது போலிருந்தால் கற்கண்டு வாயில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். மருந்து குடிக்கும் நாளில் காலை ஏழு மணியிலிருந்தே எனக்கு மயக்கம் வருவது போலிருந்தது.

மகள் ஊரின் மறுகோடியில் குகட்பள்ளியிலிருந்து போன் செய்தாள். "இங்க வந்துடுங்கப்பா. எங்க போர்ல தண்ணி கொட்டுது."

ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம். குகட்பள்ளியிலிருந்து விடியற்காலையில் அந்த நிலையில் கார் ஏறி வருவதென்பது, திரி பற்றவைத்த வெடியை மடியில் வைத்துக்கொண்டு வருவது. வரவில்லை என்றேன்.

தண்ணீருக்குத்தான் கணக்கு இருக்கிறதே. என் வாழ்க்கையின் மிக மோசமான நாளில் பதினான்கு தடவை போயிருக்கிறேன். தடவைக்கு அரை வாளி. ஆக ஏழு வாளி. ஆலைப் பழக்கப்படி கால்பங்கு கூடுதல். ஒன்பது வாளி போதும். காலையில் குழாய் வந்தபோது மனைவி, "டிரம்மையும் ரொப்பிடட்டா?" என்றாள்.

"எதற்கு? பேராசை. இன்னும் பதினான்கு வீடு இருக்கிறது" என்றேன்.

அன்று முழுவதும் திட உணவு கூடாது, தெளிந்த திரவம் மட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி பதினோரு மணிக்கு ரசத்தின் தெளிவை இறுத்து ஒரு டம்ளரில் கொண்டுவந்தாள். இதைவிடத் தெளிவான திரவம் எது என்று எனக்கும் தோன்றியது. இருந்தாலும் ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் செய்து கேட்டேன்.

"சாரு வத்தண்டி" என்று அலறினாள் அந்தப் பெண். ரசம் கூடாதாம். தக்காளிச் சிவப்பு உள்ளே தங்கினால் டாக்டர் ரத்தம் என்று நினைத்துக்கொள்வாராம். இரண்டு வாய் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அதை நான் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு மருந்தைக் குடித்தேன். எலுமிச்சை வாசனை போட்ட கடல்நீர். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மருந்து போலியோ என்று அட்டையைப் புரட்டிக் காலாவதித் தேதியைப் படித்துக்கொண்டிருந்தேன். தேதியைப் படித்து முடிக்கவில்லை.

முதல் சில தடவைகளை எண்ணினேன். பிறகு ஒன்று எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியவில்லை. எண்ணிக்கையை நான் கைவிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பிழை தடவைகளில் இல்லை, அரை வாளி என்பதில் இருந்தது என்று உள்ளே உட்கார்ந்தபடியே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த நேரத்தில் ஒன்பதாவது வாளியில் நாலு விரல் தண்ணீர் இருந்தது. மணி மூன்றே முக்கால். வால்வு திறக்க ஆறு ஆகும். குடிநீர்க் கேன் ஒன்று இருந்தது. அது இரவு மருந்துக்கு என்று மனைவி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மேல போய்ச் சாவி கேக்கறேன்" என்று கிளம்பினாள்.

"காரணம் கேட்டால் பி.பி. என்று சொல்" என்றேன் கதவுக்குள்ளிருந்து.

ஐந்து நிமிடத்தில் திரும்பிவிட்டாள். கையில் எவர்சில்வர் டம்ளர்.

"தர மாட்டாங்களாம். கைக்குன்னு கேட்டாங்க. பி.பி.ன்னேன். பி.பி.க்கு வாளித் தண்ணி எதுக்கு, மாத்திரை முழுங்க இது போதாதான்னு குடுத்தனுப்பினாங்க."

"நீ உண்மையைச் சொல்லியிருக்கலாமே."

"பதினாலு வருஷமா சொல்லாதே சொல்லாதேன்னுட்டு, இப்ப சொல்லியிருக்கலாமாவா? நக்கோ. உங்க வயிறு, நீங்க போய்ச் சொல்லுங்க."

எனக்கு வேறொரு யோசனை வந்தது. "மருந்தை இத்தோடு நிறுத்திவிடலாம். மழை வரட்டும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்."

சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. காலியான வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"ஏதோன்னு சொன்னாரே டாக்டர்" என்றாள். "அந்த ஏதோவை வெச்சுக்கிட்டு இன்னும் ஒரு மாசம் என்னால படுத்துத் தூங்க முடியாது."

நான் வேட்டியை இறுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

லிஃப்ட் ஐந்தாம் மாடியில் நின்றிருந்தது. இறங்கி வரக் காத்திருக்க என் வயிறு சம்மதிக்கவில்லை. படியேற முட்டி சம்மதிக்கவில்லை. முட்டியை மீறினேன். பதினெட்டுப் படி.

தலைமையாசிரியை அம்மாள் கதவைத் திறந்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "செயலாளர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று சொன்னது நீங்கள்தானே சார்?" என்றார் தெலுங்கில்.

"நான்தான் அம்மா."

"அப்புறம்?"

"எனக்குப் பி.பி. இல்லை" என்றேன். சொன்னதும் அது சரியில்லை என்று பட்டது. "இருக்கிறது. ஆனால் அது ஒழுங்காக இருக்கிறது. ஒழுங்காக இல்லாதது வேறு."

என் தெலுங்கு அலுவலகத் தெலுங்கு. ஒப்பந்தப்புள்ளி பற்றிப் பேச வரும், உடம்பைப் பற்றிப் பேச வராது. 'உள்ளே' என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே புண், உள்ளே பரிசோதனை, உள்ளே மருந்து என்று சுற்றிவந்தேன். அம்மாள் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"மோஷன்ஸா?" என்றார்.

கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி முப்பது வருடம் பழகிய குரல். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அதிலிருந்து எட்டிப்பார்த்தவர் கார் வைத்திருக்கும் இளைஞர். குழாய்த் தண்ணீரில் கார் கழுவினார் என்று போன மாதம் நான் கண்டித்திருந்தேன்.

"ஆமாம் அம்மா" என்றேன். "பதினான்கு வருடமாக."

"சாவி தர முடியாது சார்" என்றார் அம்மாள். "ரூல் என்றால் ரூல். ஆனால் என் வீட்டு வாளியைப் பற்றி உங்கள் ரூலில் ஒன்றும் இல்லை. கீழே போங்கள்."

அவர் போனை எடுப்பதைப் பார்த்தேன். தடுக்க நேரமில்லை. நான் முதல் மாடிக்கு வருவதற்குள் என் சட்டைப் பையில் வாட்ஸ்அப் துடித்தது. பிற்பாடு படித்தேன். சங்கக் குழுவில் அம்மாள் எழுதியிருந்தார்: செயலாளருக்கு நாளை குடல் பரிசோதனை, லூஸ் மோஷன், வீட்டுக்கு ஒரு வாளி தண்ணீர், உடனே. அதற்குக் கீழே பதினொரு கட்டைவிரல்கள்.

அடுத்த முக்கால் மணி நேரம் நான் கழிவறைக்குள் இருந்தேன். வீட்டு வாசலில் நடந்ததெல்லாம் காதில் விழுந்தது. வாளி வைக்கும் சத்தம். பிறகு ஆலோசனை. மாதுளம் ஓட்டைக் காய்ச்சிக் குடுங்க பாபி. மஜ்ஜிகலோ, அதான் மோர்ல, இஞ்சி தட்டிப் போடுங்க. எங்க மாமனாருக்கு இப்படித்தான், ரெண்டு வாழைக்காய்தான், நின்னுபோச்சு. நிற்க வேண்டாம், போவதற்குத்தான் மருந்தே என்று என் மனைவி தெலுங்கிலும் இந்தியிலும் மாறி மாறி விளக்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் கேட்கிற மாதிரி இல்லை என்று தெரிந்ததும் எல்லாவற்றுக்கும் ஹவ், ஹவ் என்றாள்.

கார் இளைஞர் கதவருகிலேயே வந்துவிட்டார். "அங்கிள், ரெண்டு வாளி வெச்சிருக்கேன். கார் கழுவப் பிடிச்சு வெச்சதுதான். நீங்க பாத்துடுவீங்கன்னு பால்கனில ஒளிச்சு வெச்சிருந்தேன்."

"சந்தோஷம்" என்றேன் உள்ளேயிருந்து. வேறு என்ன சொல்வது?

அப்போது நாலாம் மாடிக்காரர் ஒருவரின் குரல் கேட்டது. "அப்படின்னா அந்த பி.பி.?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்றாள் என் மனைவி. "நேத்துகூட நூத்தி முப்பது."

வாசலில் பேச்சு சட்டென்று நின்றது. கழிவறைக்குள் இருந்த எனக்கு அந்த மௌனம் நன்றாகப் புரிந்தது.

வெளியே வந்தபோது கூடத்தில் பன்னிரண்டு வாளியும் ஒரு பிரஷர் குக்கரும் இருந்தன. ஐந்தாம் மாடியில் இருந்த ஒரே வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்ததாம். குக்கர் நிறையத் தண்ணீர் பிடித்து, மூடியும் போட்டு அனுப்பியிருந்தார்கள். மறுபடியும் எண்ண ஆரம்பித்துவிட்டேன் என்பதை அப்போது கவனித்தேன்.

மறுநாள் டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குடல் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். அந்தப் பாராட்டில் பன்னிரண்டு வீட்டுக்குப் பங்கு உண்டு. தடித்திருந்தது பழைய தழும்பு. அதன் பக்கத்தில் பட்டாணி அளவு ஒரு சதை வளர்ந்திருந்தது. அதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ஒரு வாரம் கழித்து ஒன்றும் இல்லை என்று வந்தது. இரண்டு வருடம் கழித்து மறுபடி வரச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பில் உப்பில்லை என்றேன்.

"இருபத்தஞ்சு வயசுலேர்ந்து இதே பாட்டு" என்று ஆரம்பித்தாள். சோறு ஆறும்வரை விடவில்லை. நான் இரண்டாம் தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். தண்ணீர் நேரத்தை மாற்ற வேண்டும் என்று கார் இளைஞர் எழுந்தார். பகலிலும் அரை மணி திறக்க வேண்டும், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் திறக்க வேண்டும் என்றார். லாரிக் கணக்கு இடிக்கும் என்றேன். இடிக்காது என்றார் மூன்றாம் மாடிக்காரர். நான் குரலை உயர்த்தினேன். அவரும் உயர்த்தினார். நாலாம் மாடிக்காரர் ஒரு படி மேலே போய், என் கணக்கே தப்பு என்றார். இரண்டு வருடமாக என் எதிரே வாய் திறக்காதவர்கள். என்னுடைய நூற்றிமுப்பது அவர்களுக்குத் தந்த தைரியம்.

வாக்கெடுப்புக்கு வரும் நேரத்தில் வயிற்றுப் பூனை சோம்பல் முறித்தது. எழுந்தேன். பழக்கத்தில் பி.பி. என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"போய்விட்டு வாருங்கள் சார்" என்றார் தலைமையாசிரியை அம்மாள். "நீங்கள் வந்த பிறகுதான் ஓட்டு. யாரும் கை தூக்கக் கூடாது."

நான் நிதானமாகவே போய்விட்டு வந்தேன். ஓடவில்லை. திரும்பியபோது எல்லோரும் அதே இடத்தில் உட்கார்ந்து மாம்பழ விலை பேசிக்கொண்டிருந்தார்கள். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்ததும் கைகள் எழுந்தன. எண்ணினேன். நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன். பதினான்குக்கு ஒன்று. அந்த ஒன்று நான்.

"சாவியையும் மாற்றிவிடலாம்" என்றார் அம்மாள். "முதல் மாடியிலேயே இருக்கட்டும். அவசரம் அங்கேதான் அதிகம்."

அதற்கும் பதினான்கு கைகள்.

சாவி இப்போது எங்கள் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. ஒரு நாளைக்கு மூன்று தடவை நான்தான் போய் வால்வைத் திறந்து மூடுகிறேன். லிஃப்ட் ஐந்தாம் மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் மொட்டைமாடிக்குப் பதினெட்டுப் படி. முட்டி டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை.